களிமண்ணின் உலர் ஒளிர்வு

ஈரக் களிமண் காயும்போது அதிலுள்ள கனிமங்கள் வெளிவிடும் மிக மங்கலான ஒளிக்கு உலர் ஒளிர்வு என்று பெயர். இதில் புறஊதாக் கதிர்களின் பங்கே மிகுதி என்பதால் கண்ணுக்குத் தெரியாது; ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி இருந்தால்தான் பிடிபடும். கயோலினைட் என்னும் வெண்களிக் கனிமத்தில் இதை அளந்து உலகுக்குச் சொன்னவர்கள் லீலியா கோயின், நோவாம் லஹாவ், ஜேம்ஸ் லாலஸ் ஆகிய மூவர். அவர்களது கட்டுரை 1981இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் செம்மண்ணிலும் கரிசலிலும் ஏரி வண்டலிலும் இதே குடும்பத்துக் களிக்கனிமங்கள் உள்ளன. ஆனால் எல்லா மண்ணும் ஒன்றுபோல் ஒளிர்வதில்லை.

வற்றும் ஏரிகளில் இரவு நேரத்தில் நெருப்பு தெரிந்தது, அது கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊர்ப்புறத்தில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சேற்றில் மக்கும் இலைதழையிலிருந்து கிளம்பும் வாயு எரிவது என்று கருதப்படுகிறது. களிமண்ணின் ஒளி அமாவாசை இருட்டில் ஏரிக்கரையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

பெயரும் வகையும்

உலையில் பழுத்த இரும்பு ஒளிர்வது வெம்மையால். வெம்மையின்றி, அல்லது அந்த வெம்மைக்குப் பொருந்தாத அளவில், ஒரு பொருள் ஒளி தந்தால் அது ஒளிர்வு. இந்தப் பொதுப்பெயரை 1888இல் வழங்கியவர் ஜெர்மன் இயற்பியலாளர் ஐல்ஹார்ட் வீடெமான். ஒளியைத் தூண்டுவது எது என்பதை வைத்து வகை பிரிக்கும் முறையும் அவர் தொடங்கியதே.

ஒளி பட்டு ஒளிர்ந்து, படுவது நின்றதும் அணைந்துவிடுவது உடனொளிர்வு. படுவது நின்ற பிறகும் நீடிப்பது நின்றொளிர்வு. இரவில் பச்சையாகத் தெரியும் கடிகார முள் அதற்குப் பழகிய எடுத்துக்காட்டு. இளஞ்சூட்டில் எழுவது வெப்ப ஒளிர்வு. தேய்த்தாலோ உடைத்தாலோ எழுவது உராய்வொளிர்வு. கரைசலிலிருந்து படிகம் கட்டும்போது எழுவது படிக ஒளிர்வு, படிகம் நீரில் கரையும்போது எழுவது கரைவொளிர்வு. வேதிவினையால் வருவது வேதி ஒளிர்வு. மின்மினிப் பூச்சியின் வயிற்றில் நடப்பது அதன் உயிர்வடிவம். அலைநீளம் சரியான ஒளியைப் பாய்ச்சிப் பழைய சேமிப்பை வெளியேற்றினால் அது ஒளித்தூண்டல் ஒளிர்வு.

இவற்றில் உராய்வொளிர்வைக் காணக் கருவி வேண்டாம். இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பெரிய கல்கண்டுத் துண்டு ஒன்றைக் குறட்டால் நசுக்கினால் உடையும் நொடியில் நீலப் பொறி ஒன்று மின்னி மறையும். உடையும் முகங்களில் எதிரெதிர் மின்னூட்டம் பிரிந்து, இடையில் அகப்பட்ட காற்றின் நைட்ரஜனைத் தாக்குவதால் வருகிற ஒளி அது. பெரிய அளவில் மின்னல் செய்வதைத்தான் கல்கண்டு சிறிய அளவில் செய்கிறது. கொங்குப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கல்கண்டைவிட வெங்கச்சங்கல் நன்றாகத் தெரியும். மேட்டாங்காட்டில் உழும்போது வெள்ளை வெளேரென்று மேலே வரும் குவார்ட்சுக் கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, போர்வைக்குள் புகுந்து, இரண்டை ஒன்றோடொன்று அழுத்தித் தேய்ப்பார்கள். கல்லின் உள்ளேயே மஞ்சள் கலந்த ஒளி ஓடும். கருகிய வாடையும் வரும். சேலம், நாமக்கல், கரூர் வட்டாரம் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் வெட்டியெடுக்கும் பகுதி. எனவே இந்த விளையாட்டுக்கு அங்கே கல் பஞ்சமில்லை.

உலர் ஒளிர்வை இவற்றில் எந்த வகையில் சேர்ப்பது? நீரும் திண்மமும் சந்திக்கும் பரப்பில் நடப்பதால் கரைவொளிர்வுக்கு அருகில் வைக்கலாம். ஆனால் காயும் களிமண் சுருங்குகிறது. சுருங்கும்போது நுண்படிகங்கள் ஒன்றையொன்று இழுத்து நெருக்குகின்றன. அந்த இறுக்கமும் ஒளிக்கு வழிவிடக்கூடும். ஆகவே உராய்வொளிர்வுக்கு அருகிலும் வைக்கலாம்; எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

வீடெமானின் முறையில் ஒரு குறை உண்டு. எல்லாப் பெயரும் தூண்டுவதன் பெயராகவே இருக்கின்றன; ஒளிக்குரிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதைப் பெயர் எப்போதும் சொல்வதில்லை. ஏரி மதகைத் திறந்தவர் தண்ணீரைக் கொண்டுவந்தவர் ஆகமாட்டார். வெப்ப ஒளிர்வில் வெப்பம் செய்வதும், உலர் ஒளிர்வில் உலர்தல் செய்வதும் மதகு திறக்கும் வேலைதான். தண்ணீர் வேறிடத்திலிருந்து, வேறு காலத்தில் வந்து தேங்கியது. இக்கட்டுரையில் இனி வருவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆய்வு வரலாறு

ஒளிரும் கல்லைப் பற்றிய ஐரோப்பிய ஆய்வு இத்தாலியின் பொலோனா நகரில் தொடங்குகிறது. வின்சென்சோ காஷியரோலோ என்னும் செருப்புத் தைப்பவர் ரசவாதத்திலும் ஈடுபாடு கொண்டவர். 1602 அளவில் அவர் மலையில் பொறுக்கிய கனமான கல் ஒன்றைக் கரியோடு சுட்டுப் பார்த்தார்; பொன் வரவில்லை, ஆனால் பகலில் வெயிலில் வைத்த கல் இரவில் செந்தழல்போல் ஒளிர்ந்தது. அது பேரைட் என்னும் பேரியம் கனிமம். ஆங்கிலேயத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் கெட்டிச் சர்க்கரையை இருட்டில் சுரண்டினால் ஒளி வருவதைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்து வைத்தார். 1663இல் ராபர்ட் பாயில் வைரம் ஒன்றைப் படுக்கைக்கு எடுத்துச்சென்று, உடம்புச் சூட்டில் வைத்து, அது ஒளிர்வதைக் கண்டார். வெப்ப ஒளிர்வுக்கு அது முதல் நல்ல பதிவு.

களிமண்ணோடு நேரடி உறவுள்ள முதல் பெயர் தாமஸ் வெட்ஜ்வுட். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் மகன். தந்தையின் சூளையில் வெப்பமும் ஒளியும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று பார்த்து வளர்ந்தவர், 1792இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் பொருள்கள் சூட்டாலும் உராய்வாலும் ஒளி தருவதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். செந்நிறம் ஏறாத அளவுக்குச் சுட்ட தட்டின்மேல், இருட்டறையில், பொடித்த கனிமங்களைத் தூவிப் பார்ப்பது அவர் முறை. பல பொடிகள் ஒளிர்ந்தன. பல கற்களைத் தேய்த்தும் பார்த்துப் பட்டியலிட்டார். பத்தாண்டு கழித்து, 1802இல், ஹம்ப்ரி டேவியோடு சேர்ந்து வெள்ளி உப்புப் பூசிய தாளில் நிழல்படம் பிடிக்க முயன்றவரும் இவரே. புகைப்படக்கலை வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது, ஒளிர்வின் வரலாறு அவ்வளவாக நினைப்பதில்லை. குயவர் வீட்டுப் பிள்ளை தொடங்கிய இந்த வழி பின்னாளில் பானை ஓட்டின் வயதைக் கணக்கிடுவதில் போய் முடிந்ததை எண்ணும்போது இந்த மறதி நியாயமற்றது.

அடுத்த நூற்றாண்டில் வீடெமானின் வகைப்பாடு வந்தது. 1895இல் அவரும் ஷ்மிட்டும் வெப்ப ஒளிர்வு என்ற பெயரைப் பயன்படுத்தினர். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்புதான் ‘தண்ணீர்’ எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. சூடாக்கி ஒளியிழந்த புளூரைட் ரேடியத்தின் அருகில் இருந்தால் மீண்டும் ஒளிரும் திறன் பெறுவதை மேரி கியூரி தம் முனைவர் ஆய்வேட்டில் குறிப்பிட்டார். கதிர்வீச்சு படிகத்துக்குள் ஆற்றலைத் தேக்குகிறது. சூடு அதை விடுவிக்கிறது.

இந்தியாவில் இத்துறைக்கு வலுவான தொடக்கம் தந்தவர் சர் சி.வி. இராமன். திருச்சிராப்பள்ளி திருவானைக்காவலில் அவர் பிறந்த 1888தான் வீடெமான் ஒளிர்வுக்குப் பெயர் வைத்த ஆண்டும். 1940களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவரும் மாணவர்களும் நூற்றுக்கணக்கான வைரங்களைப் புறஊதா விளக்கின்கீழ் வைத்து நீலம், பச்சை, மஞ்சள் ஒளிர்வுகளைத் தரம் பிரித்தனர். வைரத்தின் ஒளிர்வு அதன் உள்ளமைப்பினாலேயே வருவது என்பது இராமனின் வாதம். அயற்பொருளும் படிகக் குறைகளுமே காரணம் என்று இன்று தெளிவாகியுள்ளது. முடிவு தவறிப்போனாலும் அவர் சேர்த்த அளவீடுகள் பயன்பட்டன.

1953இல் அமெரிக்க வேதியியலாளர் பாரிங்டன் டேனியல்ஸும் உடனுழைத்தவர்களும் வெப்ப ஒளிர்வை ஆய்வுக்கருவியாகப் பயன்படுத்தலாம் என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். பழைய மட்பாண்டத்தின் வயதை இதனால் கணிக்கலாம் என்ற யோசனையும் அங்கிருந்து கிளம்பியது. 1960களில் ஆக்ஸ்போர்டில் மார்ட்டின் எய்ட்கென் குழுவினர் அதை நடைமுறை ஆக்கினர். 1985இல் டேவிட் ஹன்ட்லியும் துணையாளர்களும் சூட்டுக்குப் பதில் ஒளியையே தூண்டுகோலாக்கி மண்படிவுகளின் வயதைக் கணிக்கும் வழியைக் காட்டினர்.

இத்தனை நெடிய வரலாற்றில் யாரும் ஈரக் களிமண்ணைக் காயவைத்து ஒளியைத் தேடியதாகத் தெரியவில்லை. காயும் மண் உலகெங்கும் எல்லார் காலடியிலும் கிடந்ததால்தானோ என்னவோ.

1981 ஆய்வு

சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயின் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உழைத்தவர். லாலஸ் அந்த மையத்தின் அறிவியலாளர். லஹாவ் எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மண்ணியலாளர். சிறு குப்பியில் கயோலினைட்டை நீரோடு குழைத்து, வெளி ஒளி துளியும் புகாதபடி மூடிய எண்ணும் கருவிக்குள் வைத்து உலரவிட்டால், ஒளிப்பெருக்கிக் குழாய் ஒளித்துகள்களைப் பதிவு செய்துகொண்டே இருந்தது. ஒளி வரும் போக்கு நீர் வெளியேறும் போக்கை ஒட்டி அமைந்தது. 1982இல் அதே மூவர் இன்னொன்றையும் காட்டினர்: உலர்ந்த களிமண்ணை அரைத்தாலும் ஒளி வருகிறது, அது கல்கண்டைப்போல் நொடியில் மறையாமல் நெடுநேரம் நீள்கிறது. அடுத்து வந்த சோதனைகளில் காமாக்கதிர் பாய்ச்சிய களிமண் காயும்போது கூடுதலாக ஒளிர்ந்தது. மேரி கியூரியின் புளூரைட் சொன்ன அதே கதை. உலர்தல் மதகு, கதிர்வீச்சு வரத்துக் கால்வாய்.

களிமண் எப்படி ஆற்றலைத் தேக்குகிறது என்பதை அறிய அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். கயோலினைட்டில் சிலிக்காத் தகடு ஒன்றும் அலுமினாத் தகடு ஒன்றும் ஒட்டி ஓர் ஏடாகின்றன. ஏட்டின் தடிமன் சுமார் 0.7 நானோமீட்டர். ஏடுகள் அப்பளக் கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்கும். இடையில் நீர் புகாது. நீர் விளிம்பிலும் வெளிமுகத்திலுமே ஒட்டும். மான்ட்மோரில்லோனைட்டில் இரண்டு சிலிக்காத் தகடுகளுக்கு நடுவே அலுமினாத் தகடு. ஏடுகளுக்கு இடையிலேயே நீர் புகுந்து மண் உப்பும். மழைக்கு உப்பிக் கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும் கரிசலில் மிகுந்திருப்பது இந்தக் குடும்பம்.

எந்தப் படிகமும் குறையற்றது அல்ல. சில இடங்களில் அணு மாறி உட்கார்ந்திருக்கும், சில இடம் காலியாக இருக்கும். மண்ணில் இயல்பாகவே உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் கதிரும் விண்வெளிக் கதிரும் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கும்போது, அவை அந்தக் குறைகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. அவை விட்டுவந்த வெற்றிடங்கள் ஆக்சிஜன் அணுக்களின்மேல் ‘துளை’களாக நிற்கின்றன. கயோலினைட்டில் இத்தகைய துளைகளில் ஒருவகை புவியியல் காலம் முழுதும் அழியாமல் நிற்கக்கூடியது. களிமண் காயும்போது பரப்பில் ஒட்டிய நீர் விலகுகிறது. எஞ்சும் நீரின் அமிலத்தன்மை ஏறுகிறது. ஏடுகளின் விளிம்புகள் நெருங்கி இறுகுகின்றன. இந்தக் குலுக்கலில் மாட்டியிருந்த எலக்ட்ரான்கள் சில விடுபட்டுத் துளைகளோடு சேர்வதாகக் கருதப்படுகிறது. சேரும்போது விடும் ஆற்றலின் ஒரு பங்கு ஒளியாகிறது.

இரும்பு இதற்குப் பகை. படிகத்திலோ பரப்பிலோ இரும்பு அயனி இருந்தால் ஆற்றலை அது வாங்கி வெப்பமாக்கிவிடும். ஆகவே வெண்களி நன்றாக ஒளிரும், செங்களி மங்கும்.

சேலம்–நாமக்கல் சமவெளியில்

சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, போதமலை, கஞ்சமலை ஆகியவற்றுக்கு இடையே கிடக்கும் இச்சமவெளியின் அடிப்பாறை நைஸும் சார்னோக்கைட்டும். வில்லியம் கிங், புரூஸ் பூட் ஆகிய இருவரும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக இப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்து 1864இல் எழுதிய அறிக்கை இன்றும் புரட்டத் தகுந்தது. பாறையிலுள்ள பெல்ட்ஸ்பார் மழையிலும் வெயிலிலும் சிதைந்து களிக்கனிமமாகிறது. நீர் வடியும் மேட்டில் கயோலினைட் உருவாகிறது. நீர் தேங்கும் பள்ளத்தில் மான்ட்மோரில்லோனைட் வகை. மேட்டாங்காடு செம்மண்ணாகவும் பள்ளக்காடு கரிசலாகவும் இருப்பதன் காரணம் இதுவே. செம்மண்ணின் கயோலினைட்டு ஏடுகள் இரும்பு ஆக்சைடு பூசியவை. கஞ்சமலையின் காந்த இரும்புத்தாதை நினைத்துக்கொண்டால் இம்மண்ணில் இரும்புக்குக் குறைவிருக்காது என்பது புரியும். ஆக இச்சமவெளியின் செம்மண் உலர் ஒளிர்வுக்கு ஏற்ற மண் அன்று. தமிழ்நாட்டில் அதற்கேற்ற வெண்களி நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்கு போன்ற இடங்களில் கிடைக்கிறது.

சேலம் நகரை ஒட்டிய வெள்ளைக்கல் குன்றுகளைப் பார்த்துவிட்டு அதையும் களிமண் என்று எண்ணுவோர் உண்டு. ஆங்கிலேயர் அதற்குச் சுண்ணக் குன்று என்று பொருள்படும் பெயர் வைத்துக் குழப்பத்தைக் கூட்டினர். அது களியும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல. டியூனைட் பாறை மாறி நரம்பு நரம்பாய்ப் படிந்த மேக்னசைட். ஊர் வாயில் வெள்ளைக்கல். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். உலைச்செங்கல் செய்ய வெட்டப்படும் இக்கனிமத்தில் சில துண்டுகள் புறஊதா விளக்கின்கீழ் வெளிர்நீலமாக ஒளிரும், அது உடனொளிர்வு.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியை இங்கே விட்டுவிட முடியாது. கால்சியம் மிகுந்த பெல்ட்ஸ்பாரால் ஆன அனார்த்தோசைட் பாறை அங்கே நீண்ட பட்டையாகக் கிடக்கிறது. ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதை உலகறியச் செய்தது. இப்பாறையில் குருந்தக்கல் பதிந்திருக்கும். குருந்தம் என்ற தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் அக்கனிமத்தின் உலகப் பெயரானது. குருந்தம் அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் சேர்ந்த செங்குருந்தம் புறஊதாக் கதிரில் சிவந்து ஒளிரும். இன்று கதிர்வீச்சுக்கு இடையே வேலை செய்வோர் அணியும் ஒருவகை அளவி வில்லையிலும் கரிமம் கலந்த அதே அலுமினியம் ஆக்சைடுதான் இருக்கிறது. நிலாவின் மேட்டுநிலமும் அனார்த்தோசைட்டால் ஆனது என்பதால், சந்திரயான்-2 தரையிறங்கியைச் சோதிக்க இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரப் பாறையைப் பொடித்துப் போலி நிலாமண் செய்தது; செய்முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. மெய்யான நிலாமண்ணைப் பற்றியும் ஓர் ஒளிர்வுக் கதை உண்டு. 1963இல் செதெனெக் கோபாலும் தாமஸ் ராக்கமும் கெப்ளர் பள்ளத்தருகே நிலாத்தரை ஒளிர்ந்ததாக அறிவித்தனர். சூரிய வெடிப்பின் துகள்கள் பட்டு ஒளிர்ந்தது என்பது அவர்கள் விளக்கம். பின்னர் அதற்கு ஆதரவு கிட்டவில்லை.

உலர்தலைக் கண்ணால் காண வேண்டுமானால் மண்பாண்டம் செய்வோர் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். ஏரி வண்டலில் மணல் கலந்து மிதித்துப் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, அறுத்து இறக்கிய பச்சைப் பானை கருத்து மினுங்கும். நிழலில் வைத்த சில மணி நேரத்தில் மினுமினுப்பு போகும். முதலில் வாய்விளிம்பு வெளுக்கும், பிறகு கழுத்து, கடைசியில் அடி. அரைக்காய்ச்சலில் எடுத்து, உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டி அடியை மூடுவார்கள். விரலால் சுண்டினால் ஈரப்பானை ‘தப்’ என்னும், காய்ந்தது கணீரென்று கேட்கும். வெயிலில் அவசரப்பட்டு வைத்தால் விளிம்பு முந்திச் சுருங்கி விரிசல் விடும். சுருக்கம், இறுக்கம், நீர் விலகல் என்று 1981 கட்டுரை பேசுவதெல்லாம் அந்தத் திண்ணையில் நடந்துகொண்டேயிருக்கிறது. ஒளி மட்டும் அகப்படாது. பகல் வெளிச்சமும் இரும்பும் அதை மறைத்துவிடும். சூளையில் வேகும்போது சுமார் 500 பாகையைத் தாண்டியதும் கயோலினைட்டின் கட்டமைப்பே குலைகிறது. தேங்கியிருந்த ஆற்றல் முழுவதும் வெளியேறிப் படிகங்களின் கணக்கு சுழியமாகிறது.

உயிரின் தோற்றம்

உலர் ஒளிர்வை உலக நாளேடுகளுக்குக் கொண்டுபோனது மண்ணியல் அல்ல, உயிர் எங்கே தோன்றியது என்ற கேள்வி. இயற்பியலாளர் ஜே.டி. பெர்னல் 1951இல் வெளிவந்த நூலில், தொல்கடலில் நீர்த்துக் கிடந்த கரிமச் சேர்மங்களை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டிப்போட்டது களிமண்ணாக இருக்கலாம் என்றார். கிளாஸ்கோ வேதியியலாளர் கெய்ர்ன்ஸ்-ஸ்மித் 1966இல் தொடங்கி அதற்கும் மேலே போனார்: முதல் மரபுப்பொருளே களிமண் படிகம்தான், அதன் குறைகளே முதல் எழுத்துகள். இலங்கையின் காலியில் பிறந்து, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்று, பின்பு பெர்னல் இருந்த லண்டன் பர்க்பெக் கல்லூரியில் வேதியியல் படித்த சிரில் பொன்னம்பெருமா, 1960களில் ஏம்ஸ் மையத்தில் வேதிப் பரிணாமப் பிரிவை வளர்த்தார். கோயினும் லாலஸும் உழைத்தது அந்த மையத்தில்தான். லஹாவ் 1978இல் டேவிட் வைட், ஷெர்வுட் சாங் ஆகியோருடன் செய்த சோதனை இன்னும் தெளிவானது. களிமண்ணோடு கிளைசினைக் கலந்து நனைப்பதும் சூட்டில் உலர்த்துவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்தபோது அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்தன.

நிறைவதும் வற்றுவதுமான குட்டை இத்தகைய வினைகளுக்குப் பட்டறையாக இருந்திருக்கலாம் என்று இது காட்டுகிறது.  அந்தப் பட்டறைக்கு எரிபொருளைத் தந்தது களிமண் தேக்கிய ஆற்றலே என்பது கோயினின் வாதம். ஒவ்வொரு முறை காயும்போதும் வெளிப்படும் புறஊதா ஒளி, பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறை மிக அருகிலிருந்து தாக்கக்கூடும். 1985 ஏப்ரலில் ஏம்ஸ் மையம் இதை அறிவித்ததும், உயிர் கடலில் அல்ல களிமண்ணில் தோன்றியது என்று செய்தித்தாள்கள் எழுதின. வெளிவரும் ஒளி மிகக் குறைவு என்ற மறுப்பு எழுந்தது.  1996இல் ஜேம்ஸ் பெர்ரிஸ் குழு மான்ட்மோரில்லோனைட் பரப்பில் ஐம்பதுக்கு மேற்பட்ட கண்ணிகள் கொண்ட ஆர்.என்.ஏ. சங்கிலியை வளர்த்துக் காட்டியது; களிமண் பரப்பு இத்தகைய வினைகளுக்கு உதவும் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது, ஆனால் ஒளி பற்றிய வாதத்தை அது நிறுவவில்லை.

பானை ஓட்டின் வயது

சூளையில் சுழியமான கணக்கு, பானை சுட்டு ஆறிய நாள்முதல் மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஓட்டிலுள்ள குவார்ட்சு மணிகளைச் சூடாக்கியோ ஒளி பாய்ச்சியோ வெளிவரும் ஒளியை அளந்தால், சேர்ந்த கதிர்வீச்சு தெரியும். அதை ஆண்டுக்கு இவ்வளவு என்ற அளவால் வகுத்தால் வயது. மண்படிவின் வயதையும் இப்படியே கணிக்கலாம்; வெளிச்சம் பட்டால் கணக்கு அழிந்துவிடும் என்பதால் அதற்குக் குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இருமுனையையும் மூடி, மங்கிய செந்நிற விளக்கு எரியும் அறையில்தான் திறப்பார்கள். இங்கேயும் ஈரம் குறுக்கிடுகிறது. மண்ணில் நீர் இருந்தால் கதிர்வீச்சில் ஒரு பகுதியை அது உறிஞ்சிவிடும். ஆகவே புதைந்த காலமெல்லாம் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்று மதிப்பிட்டாக வேண்டும். அதில் பிழைத்தால் வயதும் பிழைக்கும்.

தமிழ்நாட்டில் இம்முறையின் பெரிய வெற்றி திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துடன் சேர்ந்து செய்த ஆய்வு, அங்கே இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவதை 2018இல் நிறுவியது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில் சிவகளை மட்பாண்டங்களுக்கு ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதி வயதாகத் தரப்பட்டுள்ளது. சேலம் மாவட்டம் மேட்டூர் அருகிலுள்ள மாங்காட்டில் கிடைத்த இரும்பின் வயது, ஏறத்தாழ கி.மு. 1500, கரிமக் கணிப்பில் வந்தது, ஒளிர்வில் அல்ல.

இன்றைய நிலை

கோயின், மக்கீவர், பிளேக் ஆகிய மூவர் கனிமப் பரப்புகளின் நிறமாலை ஆய்வுகளைத் தொகுத்து 1990இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் வழி நூலாக்கினர். அதன்பின் ஆய்வாளர் கவனம் பெரும்பாலும் வயதுக் கணிப்பின் பக்கம் போய்விட்டது. இதே களிக்கனிமங்கள் உள்ள சேலம், நாமக்கல் ஏரிகளின் வண்டலை இன்று உழவர்கள் வயலுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்கள் சக்கரத்துக்கும் எடுத்துச் செல்கிறார்கள்.